அடைப்புக்குறிக்குள் லண்டன்

வில்லியே லே பெல்,
26 நவம்பர் 2023

அன்புள்ள மிருணாளினி அக்காவுக்கு,

தாட்சாயினி எழுதுவது. நான் சுகம். நீங்களும் அம்மாவும் சுகமாக இருக்கப் பிள்ளையார் துணை நிற்கட்டும்.

பள்ளிக்கூட முகவரிக்குக் கடிதம் வந்ததைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள். வாட்ஸ்அப் இருக்கிற காலத்தில் பாரிசிலிருந்து ஏன் கடிதம் என்று உங்கள் அதிபரும் கேட்டிருப்பார். உங்கள் போன் உங்களிடமா இருக்கிறது? அம்மாவின் மடியில் இருக்கிறது. வருகிற மெசேஜை உங்களுக்கு முன்னம் அவதான் வாசிக்கிறா. போன் எடுத்தால் ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துக் கேட்கிறா. இதை அம்மா கேட்கக்கூடாது.

தம்பி என்னோடு இல்லை, அக்கா.

அகதி வழக்கு இரண்டாம் தரமும் தள்ளுபடியான பிறகு தனூஜன் சரியாகச் சாப்பிடவில்லை. லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு நின்றவனுக்கு, லண்டனுக்குப் படகு போகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இந்த மாதத் தொடக்கத்தில் கிருஷிகன் என்ற கூட்டாளியோடு டன்கேர்க் கடற்கரைப் பக்கம் போனான். எனக்குச் சொல்லாமல் போனான் என்று எழுதத்தான் ஆசை. சொல்லிவிட்டுத்தான் போனான். சண்டை பிடித்தேன், கத்தினேன், பிறகு இடியப்பம் கட்டிக் கொடுத்தேன்.

"அக்கா, இண்டைக்குப் போறம். அம்மாட்டைச் சொல்லிப்போடாதையுங்கோ." இதுதான் கடைசி மெசேஜ். அதோடு போன் நின்றுவிட்டது. கிருஷிகனின் போனும் வேலை செய்யவில்லை. அன்றைக்கு ஒரு படகு கவிள்ந்தது என்று செய்தியில் சொன்னார்கள். சிலரைத் தூக்கினார்களாம், சிலரைக் காணவில்லையாம். அன்றைக்குப் போன படகு அது ஒன்றுதானா? பல போயின. எது அவனுடையது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

போன ஞாயிறு அம்மா கேட்டபோது, அவன் வேலையில் நிற்கிறான் என்றேன். எத்தனை ஞாயிறுக்கு வேலையில் நிற்பான்? அம்மாவுக்கு என்ன சொல்ல என்று எழுதுங்கள். போனில் ஒன்றும் வேண்டாம்.

உங்கள் உடம்பையும் பாருங்கள்.

தங்கை
தாட்சா

•

நெல்லியடி,
18 டிசம்பர் 2023

அன்புத் தங்கை தாட்சாவுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே மழை. நானும் அம்மாவும் இருக்கிறோம். நீயும் உன் மனுசன் பிரசாந்தனும் குளிரில் கவனம்.

உன் கடிதத்தை அதிபருக்கு முன்னால் பிரித்தேன். தங்கச்சி சும்மா எழுதியிருக்கிறாள் என்று சிரித்துவிட்டு நூலகத்துக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அங்கே எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். அழவும் இடமில்லை.

நான் ஒரு வேலை செய்துவிட்டேன். திட்டுவதாக இருந்தால் திட்டு. அன்று பின்னேரம் அம்மா அரிசி களைந்துகொண்டே, "தனூ ஏன் கதைக்கிறானில்லை? என்னட்டை என்னவோ மறைக்கிறியள்" என்றா. என் வாயில் வந்தது இதுதான்: அவன் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான், ஒரு ஹோட்டலில் வைத்திருக்கிறார்கள், விசாரணை முடியும்வரை போன் கொடுக்கமாட்டார்கள். நான் சொல்லி முடிக்கவில்லை, அம்மா அரிசியை அப்படியே வைத்துவிட்டு முகம் கழுவி விபூதி பூசினா. பிறகு மோதகம் அவித்து ஒழுங்கை முழுக்கக் கொடுத்தா. இப்போது ஊருக்கே தெரியும், எங்கள் தம்பி லண்டனில்.

நாற்பது பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். நான் சொன்ன ஒரு பொய்யைத் திரும்ப எடுக்க எனக்குத் தெரியவில்லை.

உன் கடிதத்தில் ஒரு எழுத்துப்பிழை. 'கவிழ்ந்தது' என்பதைக் 'கவிள்ந்தது' என்று எழுதியிருக்கிறாய். அச்சகத்தில் வேலை செய்கிறவள் இப்படி எழுதலாமா? பழக்கதோசத்தில் சிவப்புப் பேனாவை எடுத்தேன். அந்தச் சொல்லில் கைவைக்க முடியவில்லை.

அம்மா இப்போது அவனுடைய குரலை ஒருதரம் கேட்கவேண்டும் என்கிறா. ஹோட்டல்காரரிடம் கெஞ்சி ஒரு குரல் மெசேஜாவது அனுப்பச் சொல்லட்டாம். நீ ஏதாவது செய். அவனைத் தேடுவதையும் விட்டுவிடாதே.

அக்கா
மிருணா

•

வில்லியே லே பெல்,
9 ஜனவரி 2024

அன்புள்ள அக்கா,

சுகமா? இங்கே குளிர், ஆனால் காய்ச்சல் தடிமன் ஒன்றுமில்லை. அம்மாவின் மோதகக் கதையை வாசித்து உங்களைத் திட்ட மனம் வரவில்லை.

கிருஷிகனைக் கண்டேன். உயிரோடு கண்டேன். ரூ பெர்தொனேயில் எங்கள் அச்சகத்துக்கு எதிரே போன் கடையிலிருந்து இறங்கி வந்தான். என்னைக் கண்டதும் மற்றப் பக்கம் திரும்பினான். நான் ஓடிப்போய் அவனுடைய ஜாக்கெட்டைப் பிடித்தேன். சனம் பார்த்தது. பார்க்கட்டும்.

"தனூ எங்கையடா?"

"அக்கா, சத்தியமாத் தெரியாது. எனக்குப் படகிலை இடம் காணேல்லை, தள்ளி விட்டுட்டாங்கள். அவன் ஏறினவன். ஏறிப்போட்டு எனக்குக் கையைக் காட்டினவன்."

"எந்தப் படகு?"

"எல்லாம் ஒரே மாதிரிக் கறுப்புப் படகு அக்கா."

அவ்வளவுதான். தள்ளிவிட்டதில் அவனுடைய போன் தண்ணீரில் போனதாம், என் நம்பரும் போனதாம். வெட்கத்தில்தான் இத்தனை நாள் ஒளித்துத் திரிந்திருக்கிறான். தான் தப்பியதற்கு ஒருவன் வெட்கப்படுகிறான், அக்கா. அவனை அடிப்பதா, கூட்டிக்கொண்டு வந்து சோறு போடுவதா என்று தெரியாமல் நின்றேன்.

பிறகு வேலைக்குத் திரும்பிப் போனேன். அன்றைக்கு ஒரு பொம்பிளை வந்து நின்று சண்டை. மாமியாரின் மரண அறிவித்தலில் தன் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 'கனடா' விடுபட்டுப் போச்சாம். கனடா இல்லாவிட்டால் சனம் என்ன நினைக்கும் என்று கேட்டா. திரும்ப அடித்துக் கொடுத்தோம். எங்கள் ஆட்களுக்குச் செத்த வீட்டிலும் நாடு வேண்டும். உயிரோடு இருக்கிறவர்களுக்குப் பெயருக்குப் பின்னால் சுவிஸ், கனடா, லண்டன். செத்தவர்களுக்குப் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற'. இந்த இரண்டில் ஒன்று இல்லாமல் ஒரு பெயரும் என் கையால் அச்சுக்குப் போனதில்லை.

அம்மாவுக்குக் குரல் கேட்டீர்கள். என் போனில் தேடினேன். போன வருசம் அம்மாவுக்கென்று அவன் எனக்கு அனுப்பி, நான் அனுப்ப மறந்த ஒன்று கிடைத்தது. "அம்மா, நான் நல்ல சுகம். சாப்பிட்டிட்டன். இஞ்சை சரியான சனம். பேந்து எடுக்கிறன்." எந்த ஊர் என்ற கதையே அதில் இல்லை. பின்னால் கொஞ்சம் இரைச்சல் இருக்கிறது, அது பரவாயில்லை. லண்டனிலும் இரைச்சல் இருக்கும்தானே. இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரட்டும், மாதக் கடைசி ஞாயிறு அனுப்புகிறேன். போனை நீங்கள் பிடித்து அம்மாவைக் கேட்க வையுங்கள்.

அனுப்புவதற்கு முன்னம் நான் பலதரம் கேட்டுவிட்டேன்.

தாட்சா

•

நெல்லியடி,
4 பெப்ரவரி 2024

அன்புத் தங்கைக்கு,

சுகம் வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

குரல் வந்தது. போனைக் கையில் பிடித்திருக்க அம்மா விடவில்லை. முதல்தரம் கேட்டுச் சிரித்தா. இரண்டாம்தரம் காதோடு ஒட்டி வைத்தா. அதற்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேட்டா. முடிந்ததும் போனை என் கையில் தந்தா. அந்தப் போனை அவ தானாக என்னிடம் தந்தது அன்றைக்குத்தான்.

"நல்லா இருக்கிறான். தாட்சாட்டைச் சொல்லு, இனி அனுப்பத் தேவையில்லை. இந்தக் குரல் காணும்."

இவ்வளவுதான் சொன்னா. சந்தோசப்பட்டு இன்னொருதரம் மோதகம் அவிப்பா என்று நினைத்தேன். போய்ப் படுத்துவிட்டா. ஆனால் அதன்பிறகு தனூ ஏன் கதைக்கவில்லை என்று ஒரு சொல் கேட்கவில்லை. நாங்கள் செய்தது சரிவந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அம்மாவுக்கு வயிற்றில் சாடையான நோ. வாய்வுதான். மருந்து எடுக்கிறா. நீ அதை யோசிக்காதே.

அந்தக் கிருஷிகனுக்கு ஒருநாள் சோறு கொடு. கடைசியாகக் கை காட்டியது அவனுக்குத்தானே.

அக்கா

•

வில்லியே லே பெல்,
10 மார்ச் 2024

அக்கா,

சுகமா, அம்மாவின் வயிற்று நோ மாறிவிட்டதா? நான் நடமாடுகிறேன்.

லா சப்பலில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். ஒருவர் தனூவைப் பர்மிங்காமில் ஒரு பெற்றோல் செற்றில் கண்டாராம். நம்பர் வாங்கி எடுத்தோம். அது வேறு தனூஜன், வல்வெட்டித்துறைப் பெடியன். இன்னொருவர் பெல்ஜியத்தில் பொலிசில் பிடிபட்டு மறியலில் இருக்கிறான் என்றார். அங்கேயும் கேட்டோம். ஒரு சாத்திரியார், தண்ணீரால் கண்டமில்லை, மேற்கில் இருக்கிறான் என்றார். இங்கிருந்து மேற்கு எது என்று போனில் பார்த்தேன். அந்த அளவுக்கு வந்துவிட்டேன்.

வேலை முடிந்து கார் து நோர் ஸ்டேசனுக்குப் போனால் என்னுடைய ரயிலில் ஏறுவதில்லை. லண்டன் ரயில் வந்து நிற்கும் பக்கம் போய் நிற்கிறேன். இறங்குகிற சனத்தின் முகத்தைப் பார்க்கிறேன். பேப்பர் இல்லாதவன் அந்த ரயிலில் வரமாட்டான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் நிற்கிறேன். நேரம் போய் வீட்டுக்கு வந்தால் பிரசாந்தன் சோற்றைச் சூடாக்கி வைப்பார். கதவடியில் கிடக்கிற தனூவின் செருப்பை மட்டும் எடுக்கமாட்டார். சுற்றிக்கொண்டுதான் உள்ளே வருவார்.

கடற்கரைப் பக்கம் ஜெர்மேன் என்றொரு வயதான பிரெஞ்சுப் பொம்பிளை இருக்கிறா. காணாமல் போனவர்களின் குடும்பங்களோடு அலுவலகங்களுக்குக் கூடப்போய்க் கதைப்பதுதான் அவவின் வேலை. ஒருவரும் சம்பளம் கொடுப்பதில்லை. அவதான் சொன்னா, கடல் கரைசேர்த்த சிலருக்கு இன்னும் பெயரில்லை, கூடப்பிறந்தவரின் எச்சிலை எடுத்துப் பொருத்திப் பார்ப்பார்கள் என்று. போன கிழமை லீவு எடுத்துப் போனேன். ஒரு பஞ்சுக் குச்சியால் கன்னத்துக்குள் தடவினார்கள். முடிவு வரச் சில மாதம் ஆகுமாம்.

திரும்பும் வழியில் கடலைக் காட்டட்டுமா என்று ஜெர்மேன் கேட்டா. வேண்டாம் என்றேன். ரயிலில் வழி முழுக்க வாயை மூடியே வைத்திருந்தேன். தண்ணீர் குடிக்கவும் பயமாக இருந்தது, என்னவோ அவனைக் கழுவிவிடுவேன் என்பது போல.

பொருந்தக்கூடாது என்று கும்பிடுங்கள். வேறென்ன கும்பிடுவதென்று எனக்குத் தெரியவில்லை.

தாட்சா

•

நெல்லியடி,
20 ஏப்ரல் 2024

அன்புத் தாட்சாவுக்கு,

புதுவருசம் உனக்கும் பிரசாந்தனுக்கும் நல்லதாக வரட்டும். நாங்கள் இருக்கிறோம்.

வருசப் பிறப்பன்று அம்மா போனை என்னிடம் கேட்டு வாங்கி, வெளிநாட்டில் இருக்கிற ஊர்ச்சனம் எல்லோருக்கும் எடுத்தா. கட்டிலில் படுத்தபடியே எடுத்தா. குரல் மட்டும் பழைய மாதிரிக் கணீர் என்று இருந்தது. யார் யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

அந்தச் சோதனை முடிவு வந்ததா? வந்தால் உடனே எழுது. நல்லதோ கெட்டதோ, எழுது.

அம்மா சாப்பாடு குறைவு. வெயிலுக்கு எல்லோருக்கும் அப்படித்தான்.

அக்கா

•

நெல்லியடி,
2 ஜூன் 2024

தாட்சா,

சுகமாக இருக்கிறாயா? போன கடிதத்துக்குப் பதிலில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் பாரிஸ் வெயிலைப் பற்றியும் முருங்கைக்காய் விலையைப் பற்றியும் கதைக்கிறாய். அம்மாவும் அதையே கதைக்கிறா. நான் நடுவில் இருந்து இரண்டு பேரின் முகத்தையும் பார்க்கிறேன்.

உனக்கு ஏதோ தெரிந்துவிட்டது. எனக்குச் சொல். நான் அம்மா இல்லை, எனக்குச் சொல்லலாம்.

மிருணா

•

வில்லியே லே பெல்,
23 ஜூன் 2024

அக்காவுக்கு,

சுகம் கேட்டு எழுதியிருந்தீர்கள். பதில் எழுதாததற்குக் கோபிக்கவேண்டாம்.

முடிவு மே மாதம் வந்தது. பொருந்தவில்லை.

ஜெர்மேன் போனில் சொன்னா. அவர்களிடம் இருக்கிற ஒருவரோடும் என் எச்சில் பொருந்தவில்லையாம். நான் கும்பிட்டதுதான் நடந்திருக்கிறது. உடனே உங்களுக்கு எழுதக் கடதாசியை எடுத்தேன். நல்ல செய்தி என்று எழுதுவதா, கெட்ட செய்தி என்று எழுதுவதா? கடற்கரைக்கு வந்த சனத்துக்குள் அவன் இல்லை. லண்டனுக்குப் போன சனத்துக்குள்ளும் இல்லை. ஜெர்மேன் அங்கே தன் ஆட்களை வைத்து எல்லாப் பட்டியலும் பார்த்துவிட்டா. கடல் எல்லோரையும் திருப்பிக் கொடுப்பதில்லை என்றும் சொன்னா. மெல்லத்தான் சொன்னா. அவவுக்கு என்னைப் போல் எத்தனை பேரோ.

வீட்டில் ஒரு சாவு நடந்தால் துடக்கு இருக்கிறது. எட்டுச் செலவு, அந்தியேட்டி, ஆண்டுத் திவசம் என்று ஒரு வழி இருக்கிறது. சனம் வந்து அழுது, சாப்பிட்டுவிட்டுப் போகும். எனக்கு ஒன்றும் இல்லை. கோயிலுக்குப் போகலாமா கூடாதா என்பதுகூடத் தெரியவில்லை. சாமிக்கு முன்னால் போய் நின்று, எனக்குத் துடக்கா என்று அவரையே கேட்டுவிட்டு வந்தேன்.

இனி என்னால் லண்டன் கதை கதைக்க ஏலாது, அக்கா. அம்மா ஒவ்வொரு ஞாயிறும், "தம்பிக்குக் குளிர் உடுப்பு இருக்கோ" என்று கேட்கிறா. ஓம் அம்மா, இருக்கு என்கிறேன். அந்த 'ஓம்' சொல்லிவிட்டுப் போனை வைத்தால் வாய் முழுக்கக் கசக்கிறது. அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள்தான் தொடங்கியது, நீங்களே முடியுங்கள். கோபத்தில் எழுதவில்லை. கெஞ்சி எழுதுகிறேன்.

தாட்சா

•

நெல்லியடி,
12 ஆகஸ்ட் 2024

அன்புத் தங்கைக்கு,

அம்மாவின் எட்டுச் செலவு நேற்று முடிந்தது. வீட்டில் சனம் குறைந்துவிட்டது. போனில் சொல்ல முடியாததை இனித்தான் எழுதலாம்.

முதலில் அம்மாவின் வருத்தம். வாய்வு என்று எழுதினேன், அது வாய்வில்லை. பெப்ரவரியிலேயே புற்றுநோய் என்று தெரியும். உனக்கு எழுதினால் நீ என்ன செய்வாய்? உன்னுடைய அகதிப் பயணப் பத்திரத்தோடு இலங்கையைத் தவிர எந்த நாட்டுக்கும் போகலாம். தம்பியைத் தேடுகிறவளிடம் அம்மாவும் போகிறா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் தொடங்கினால் நான்தான் முடிக்கவேண்டும் என்று எழுதியிருந்தாய். சரிதான்.

உன் கடிதம் வந்தபோது அம்மா ஆஸ்பத்திரியில். சொல்லத்தான் போனேன். கட்டிலடியில் இருந்து, "அம்மா, தனூவைப் பற்றி ஒண்டு சொல்லவேணும்" என்றேன். அவ என் கையைப் பிடித்தா.

"அந்தக் குரலுக்குப் பின்னாலை நாயனம் கேட்டது, பிள்ளை. தேங்காய் உடைக்கிற சத்தமும் கேட்டது. தை மாசக் குளிருக்கை லண்டனிலை எங்கை தேர் ஓடுது?"

தாட்சா, உன் அச்சகத்துக்கு முன்னால் ஆவணியில் ஓடும் பிள்ளையார் தேர்ச் சனத்துக்குள் நின்றுதான் அவன் அதைப் பேசியிருக்கிறான். நீ இரைச்சல் என்றாய், நானும் இரைச்சல் என்றேன். அம்மா அன்றைக்கே கேட்டுவிட்டா, அது பழைய குரல் என்று.

அப்ப ஏன் எங்களிடம் கேட்கவில்லை என்றேன். "தாட்சா தேடி எடுத்து அனுப்பினவள். நான் கண்டுபிடிச்சிட்டன் எண்டா அவள் தாங்கமாட்டாள். அவளுக்குச் சொல்லாதை" என்றா. குளிர் உடுப்பு இருக்கோ என்று உன்னிடம் கேட்டதெல்லாம் தெரிந்துகொண்டு கேட்டதுதான். நீ சொன்ன 'ஓம்' உனக்குக் கசந்தது. அவவுக்கு எப்படி இருந்ததோ.

கொள்ளி வைக்க மகன் வரவில்லை என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. லண்டனில் பேப்பர் இல்லாத பிள்ளை எப்படி வரும் என்று தாங்களே சொல்லிக்கொண்டார்கள். சித்தப்பாவின் மகன் வைத்தான்.

அம்மா போன அன்றைக்கு நீ போனில், "அறிவித்தலிலை தம்பியின்ரை அடைப்புக்குறிக்கை என்ன போட?" என்று மெல்லிய குரலில் கேட்டாய். என்னைச் சுற்றி முப்பது சனம். உன் விருப்பம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். நீ அனுப்பிய படத்தில் பார்த்தேன். மிருணாளினி (இலங்கை), தாட்சாயினி (பிரான்ஸ்), தனூஜன், பிறகு அடைப்புக்குறி, அதற்குள் ஒன்றுமில்லை. என் சிவப்புப் பேனாவுக்கு அதில் வேலையில்லை, தாட்சா. நானாக இருந்தாலும் அப்படித்தான் விட்டிருப்பேன்.

சாப்பிடு. பிரசாந்தனிடமாவது வாய்விட்டு அழு.

அக்கா

•

வில்லியே லே பெல்,
2 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. வாசித்துவிட்டு அந்தக் குரலைத் திரும்பப் போட்டேன். நாயனம் தெளிவாகக் கேட்கிறது. இத்தனை தரம் கேட்டும் நான் அவனுடைய குரலை மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

அம்மாவின் அறிவித்தலை ரூ பெர்தொனேயில் சில கடைக் கண்ணாடிகளில் ஒட்டியிருந்தோம். ஒட்டிய நாளிலிருந்து சனம் எனக்குப் பிழை சொல்லிக்கொண்டே இருந்தது. தங்கச்சி, தம்பியின் நாடு விடுபட்டுப் போச்சு என்று நகைக்கடைக்காரர் சொன்னார். பாவம், துக்கத்தில் கவனித்திருக்கமாட்டாள் என்று தேத்தண்ணிக் கடையில் என் காது கேட்கவே சொன்னார்கள். என் முதலாளி, தன் செலவில் திரும்ப அடித்துத் தரட்டுமா என்றார். எல்லோரும் அன்பாகத்தான் சொன்னார்கள். நான் ஓம், ஓம் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை காய்கறிக் கடைக் கண்ணாடியைப் பார்த்தேன். அடைப்புக்குறிக்குள் நீலப் பேனாவால் யாரோ எழுதியிருந்தார்கள். 'லண்டன்.'

அக்கா, கண்ணாடிக்குக் கிட்டப் போய்த் திரும்ப வாசித்தேன். யாரோ அவனைக் கண்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். கண்டவர்தான் எழுதியிருக்கிறார், தெரியாமல் ஒருவர் எழுதுவாரா? உங்கள் கடிதம் கைப்பையில் இருக்கிறது, பொய்யின் கதை முழுக்க அதில் இருக்கிறது. ஆனாலும் நினைத்தேன். வேலைக்குப் போகவில்லை. கடை கடையாக ஏறி, யார் எழுதியது, யார் எழுதியது என்று கேட்டேன். கிருஷிகனையும் கூப்பிட்டேன், அவன் மற்றப் பக்கத்துக் கடைகளில் கேட்டான். தேருக்கு வாழை கட்டிக்கொண்டு நின்றவர்களையும் விடவில்லை. எனக்குப் பைத்தியம் என்று சிலர் நினைத்திருப்பார்கள். அந்த ஒரு நாள், காலையிலிருந்து பின்னேரம்வரை, தனூ எனக்கு உயிரோடு இருந்தான்.

பின்னேரம் வரதராசா மாமா வந்தார். அப்பாவோடு படித்தவர், அந்தக் காய்கறிக் கடை வாசலில் கதிரை போட்டு இருப்பவர்.

"ஓம் பிள்ளை, நான்தான் எழுதினனான். அச்சிலை விட்டுப்போட்டியள் எண்டு நினைச்சன்."

"ஆர் மாமா சொன்னது? தம்பியைக் கண்டது ஆர்?"

"கொம்மாதான். வருசத்துக்கு எடுத்துக் கதைச்சவ. பெடியன் லண்டன் போய்ச் சேந்திட்டான், இனி எனக்கு ஒரு கவலையுமில்லை எண்டு சொன்னவ. நல்ல சந்தோசமாச் சொன்னவ, பிள்ளை."

சித்திரையில் சொல்லியிருக்கிறா. தை மாதமே நாயனம் கேட்டுவிட்டு, சித்திரையில் படுத்தபடி எடுத்துச் சொல்லியிருக்கிறா. நீங்கள் அரிசிக் களையலுக்கு முன்னால் சொன்ன பொய், அம்மாவின் வாயால் கடல் தாண்டி வந்து, காய்கறிக் கடைக் கண்ணாடியில் எனக்கே செய்தியாக நின்றிருக்கிறது. நான் அதை நம்பிக்கொண்டு ஒரு நாள் முழுக்கத் தெருவில் ஓடினேன்.

வரதராசா மாமா பயந்துபோனார். எழுதியது பிழையோ பிள்ளை, அழிக்கட்டோ என்று கேட்டார். அழிக்கவேண்டாம் என்றேன்.

நேற்று ஞாயிறு, தேர் ஓடியது. எனக்குத் துடக்கு, கிட்டப் போகவில்லை. அச்சகத்துக்குள் கண்ணாடிக்குப் பின்னால் நின்றேன். உடைத்த தேங்காய் தெரு முழுக்கக் கிடந்தது, இளநீர் எங்கள் வாசற்படி வரைக்கும் ஓடி வந்தது. போன வருசம் எந்த இடத்தில் நின்று அவன் பேசினான் என்று சனத்துக்குள் தேடிக்கொண்டிருந்தேன்.

நாளைக்கு அம்மாவின் முப்பத்தோராம் நாள். அதற்குரிய அறிவித்தலைச் சனிக்கிழமை நான்தான் அச்சுக்குக் கோர்த்தேன். பிள்ளைகளின் பெயர் வந்த இடத்தில் முதலாளி பின்னால் வந்து நின்றார். இந்தத் தரம் அதை வெறுமையாக விடவேண்டாம், சனம் கேட்கும் என்றார். 'காலஞ்சென்ற' என்று அடித்துப் பார்த்தேன். அழித்தேன். அடைப்புக்குறியை எடுத்துப் பார்த்தேன், அவன் எங்கள் வீட்டுப் பிள்ளை இல்லை என்பது போல இருந்தது. பிறகு அம்மா ஊருக்கெல்லாம் சொன்னதையே அடித்தேன்.

முதல் தாள் சூட்டோடு வெளியே வந்தது. பிழை பார்க்க எடுத்து வாசித்தேன். தனூஜன் (லண்டன்). ஒரு பிழையும் இல்லை. எனக்குச் சந்தோசமாக இருந்தது, அக்கா. கொஞ்ச நேரம் உண்மையாகவே சந்தோசமாக இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஒரு தாள் இதோடு வைத்திருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். இனிப் போன் உங்கள் கையில்தானே. ஞாயிற்றுக்கிழமை எடுக்கிறேன், ஸ்பீக்கரில் போடவேண்டாம்.

தங்கை
தாட்சாயினி (பிரான்ஸ்)